ஆற்றில் ராஃப்டிங், கடற்கரையில் குதிரைச் சவாரி: ஒரே பயணத்தில் இரண்டையும் சேர்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வெப்பமண்டல நாடுகளுக்கு விடுமுறையில் போகிறவர்கள் பலருக்கும் இந்த இரண்டு ஆசையும் சேர்ந்தே வருகிறது: நுரைத்துப் பாயும் ஆற்றில் ரப்பர் படகில் இறங்க வேண்டும், அலை வந்து தொடும் ஈரமணலில் குதிரையில் போக வேண்டும். இரண்டையும் செய்து பார்த்தவன் என்ற முறையில், கிளம்புமுன் மனதில் எழும் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று: இந்தப் பயணத்தின் நேர அட்டவணையை ஆற்றின் நீர்மட்டமும், கடலின் ஏற்றவற்றமும், குதிரையின் தெம்பும்தான் போடுகின்றன. அதற்கு இடம்விட்டுத் திட்டமிடுங்கள்.

எதை முதலில் செய்வது? ஆறா, குதிரையா?

ஆறு முதலில். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பழக்கமில்லாதவர் ஒரு மணி நேரம் குதிரையில் உட்கார்ந்தாலே உள்தொடையிலும் முழங்காலின் உட்பக்கத்திலும் சேணம் உரசித் தோல் சிவந்துவிடும். சிலருக்கு உரிந்தும் போகும். அந்தச் சிராய்ப்போடு மறுநாள் ஆற்றில் இறங்கினால் எரிச்சல் மட்டும் இல்லை, ஆபத்தும் உண்டு. வெப்பமண்டல ஆறுகளில் விலங்குகளின் சிறுநீர் வழியாகக் கலக்கும் லெப்டோஸ்பைரா என்ற கிருமி, தோலில் உள்ள சின்னக் கீறல் வழியாகவே உடம்புக்குள் போகும். எலிக்காய்ச்சல் என்று நாம் சொல்வது இது உண்டாக்கும் நோயைத்தான். 1996-இல் கோஸ்டா ரிக்காவில் ராஃப்டிங் போன ஒரு குழுவில் பலருக்கு இது வந்தது. தண்ணீரை விழுங்கியவர்களும், படகிலிருந்து விழுந்து மூழ்கி எழுந்தவர்களும்தான் அதிகம் பாதிக்கப்பட்டார்கள்.

முழுத் தோலோடு ஆற்றில் இறங்கிவிட்டு, அப்புறம் குதிரையில் ஏறுவது நல்லது. இன்னொரு காரணமும் இருக்கிறது. மழை பெய்து ஆறு பெருகிவிட்டால் ராஃப்டிங்கைத் தள்ளிப்போடுவார்கள். அதைப் பயணத்தின் முதல் பாதியில் வைத்தால் தள்ளிப்போட நாள் மிஞ்சும். கடைசி நாளில் வைத்தவர்கள் ஆற்றைக் கரையிலிருந்து பார்த்துவிட்டு ஊர் திரும்புவதுதான் நடக்கும்.

ஒரே நாளில் இரண்டும் என்று சேர்த்து விற்கிறார்களே?

விற்கிறார்கள். செய்யவும் முடியும். ஆனால் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ராஃப்டிங்கில் கைதான் வலிக்கும் என்று நினைப்போம். உண்மையில் படகின் விளிம்பில் உட்கார்ந்து, காலைப் படகுக்குள் இடுக்கிப் பிடித்துக்கொண்டு துடுப்புப் போடுவதால், வேலையெல்லாம் இடுப்புக்கும் தொடைக்கும்தான். குதிரையில் நிதானமாக உட்காரத் தேவையான தசைகளும் அவையே. மதியம் தளர்ந்த தொடையோடு ஏறினால் உடம்பு குதிரையின் முதுகில் தொப் தொப்பென்று விழும். வலி இருவருக்குமே, உங்களுக்கும் குதிரைக்கும். ஈர உடையோடு ஏறினால் தோல் இன்னும் சீக்கிரம் உரியும். போதாததற்கு, அந்த வகைத் திட்டங்களில் சவாரி பெரும்பாலும் நடுமதிய வெயிலில் வந்து விழுகிறது.

ஒரு இரவு இடைவெளி போதும். வேறு வழியே இல்லை, ஒரே நாள்தான் என்றால், காலையில் ஆறு, நன்றாகச் சாப்பிட்டுவிட்டு உலர்ந்த உடை மாற்றிக்கொண்டு, மாலை வெயில் தாழ்ந்த பிறகு குதிரை. அதுவும் நடை மட்டும்.

இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடைக்கும் இடங்கள் எவை?

மலையும் கடலும் நெருங்கி நிற்கும் இடம் வேண்டும். மலை இருந்தால்தான் ஆற்றுக்கு வேகம் கிடைக்கும்.

கோஸ்டா ரிக்காவின் பசிபிக் கரையில் கெபோஸ் பகுதியைச் சொல்வேன். சவேக்ரே, நாரன்ஹோ என்ற இரண்டு ஆறுகள் அருகிலேயே உள்ளன. சவேக்ரே புதியவர்களுக்கு ஏற்றது. நாரன்ஹோ கொஞ்சம் முரடு. அந்த நாட்டில் உலகப் புகழ்பெற்ற ஆறு பக்குவாரே, அடர்ந்த மழைக்காட்டுப் பள்ளத்தாக்கின் நடுவே போகும். ஆனால் அது கரீபியன் பக்கம் ஓடுகிறது. பக்குவாரேயையும் பசிபிக் கடற்கரைக் குதிரையையும் அடுத்தடுத்த நாட்களில் போட்டால், நடுவில் நாட்டையே குறுக்கே கடக்கும் நீண்ட சாலைப் பயணம் வரும். வரைபடத்தில் நாடு சின்னதாகத் தெரிவதை நம்பிப் பலரும் இதில் மாட்டிக்கொள்கிறார்கள்.

பாலியில் உபுத் பக்கத்தில் அயுங் ஆறு இருக்கிறது, மிதமான வேகம். கிழக்கே கரங்காசெம் பகுதியில் தெலாகா வாஜா, அதைவிட வேகமானது. குதிரைக்கு கியான்யார் பகுதியின் சபா கடற்கரை போன்ற கருமணல் கரைகள். அயுங்கில் ஒரு விஷயம்: பள்ளத்தாக்கில் இறங்கவும் திரும்ப ஏறவும் நூற்றுக்கணக்கான படிகள். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ராஃப்டிங்கைவிட அந்தப் படிகள்தான் சோதனை.

ஃபிஜியில் விட்டி லேவு தீவின் மேல் நவுவா ஆறு, இரண்டு பக்கமும் செங்குத்தான பாறைச் சுவர்களுக்கு நடுவே போகிறது. அந்தப் பகுதி 2006-இல் ராம்சார் ஈரநிலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. அதே தீவில் நடடோலா கடற்கரையில் குதிரைச் சவாரி உண்டு.

ஜமைக்காவை நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அங்கே மார்த்தா பிரே, ரியோ கிராண்டே ஆறுகளில் ராஃப்டிங் என்று சொல்வது மூங்கில் தெப்பத்தை. சுமார் 30 அடி நீளத் தெப்பத்தில் இரண்டு பேர் உட்கார, தெப்பக்காரர் கழி ஊன்றித் தள்ளிக்கொண்டு போவார். ஒரு காலத்தில் ரியோ கிராண்டேயில் வாழைக்குலை ஏற்றி இறக்கிய தெப்பங்கள் அவை. அமைதியான, அழகான பயணம். நுரையும் ஆர்ப்பரிப்பும் எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். வயதான பெற்றோரோடு போகிறவர்களுக்கு இதைவிட நல்ல தேர்வு இல்லை.

எந்த மாதங்களில் போகலாம்?

இங்கேதான் இரண்டு ஆசைகளும் எதிரெதிராக இழுக்கும். ஆற்றுக்கு மழை வேண்டும், கடற்கரைக்கு வெயில் வேண்டும். மழைக்காலம் முடிந்த உடனே வரும் வாரங்கள்தான் இரண்டுக்கும் பொருந்தும்: வானம் தெளிந்திருக்கும், ஆற்றில் தண்ணீர் இன்னும் வற்றியிருக்காது.

கோஸ்டா ரிக்காவின் பசிபிக் பக்கம் மழை மே முதல் நவம்பர் வரை. ஆகவே டிசம்பர் நல்ல மாதம். மார்ச், ஏப்ரலில் சிறிய ஆறுகளில் படகு பாறையில் தட்டும் அளவுக்குத் தண்ணீர் குறைந்துவிடும். பாலியில் மழை நவம்பர் முதல் மார்ச் வரை என்பதால் ஏப்ரல், மே.

இதற்கு முன் ராஃப்டிங் போனதே இல்லை. எந்த ஆற்றைத் தேர்ந்தெடுப்பது?

ஆற்றின் கடினத்தை உலகெங்கும் 1 முதல் 6 வரை வகைப்படுத்துகிறார்கள். 1 என்றால் மெல்லிய ஓட்டம். 2-இல் சின்ன அலைகள், வழி தெளிவாகத் தெரியும். 3-இல் அலைகள் ஒழுங்கற்று வரும், பாறைகளைச் சுற்றித் திருப்ப வேண்டியிருக்கும், முழுக்க நனைவீர்கள். 4-இல் எல்லோரும் ஒரே தாளத்தில் துடுப்புப் போடாவிட்டால் படகு கவிழலாம். 5 தேர்ந்தவர்களுக்கு. 6-ஐச் சுற்றுலாவாக யாரும் விற்கக் கூடாது.

முதல் முறைக்கு 2 அல்லது 3 போதும். ஆனால் அந்த எண்ணை மட்டும் நம்பாதீர்கள். ஒரே ஆறு கோடையில் 3 ஆகவும் கனமழைக்குப் பிறகு 4 ஆகவும் இருக்கும். “இந்த ஆறு எந்த வகுப்பு?” என்று கேட்பதைவிட “இன்றைக்கு நீர்மட்டம் எப்படி, எந்த மட்டத்துக்கு மேல் போனால் நீங்கள் இறங்க மாட்டீர்கள்?” என்று கேளுங்கள். பொறுப்பான கைடுக்கு அந்த எல்லை தெரிந்திருக்கும், உடனே சொல்வார். “எப்போதும் போகலாம் சார்” என்று பதில் வந்தால் வேறு ஆளைத் தேடுங்கள்.

நீச்சல் தெரியாதவர்கள் போகலாமா?

வகுப்பு 2 வரை, சரியாக மாட்டிய லைஃப் ஜாக்கெட்டோடு, பல இடங்களில் அனுமதிக்கிறார்கள். கைடிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மறைப்பதுதான் தவறு. ஜாக்கெட்டை மாட்டிய பிறகு யாரையாவது அதன் தோள்வாரைப் பிடித்து மேலே இழுக்கச் சொல்லுங்கள். அது மூக்கு வரை ஏறினால் தளர்வாக இருக்கிறது என்று அர்த்தம். தண்ணீரிலும் அப்படியேதான் ஏறும்.

தண்ணீரைக் கண்டாலே நடுங்குகிறவர்களை நண்பர்கள் வற்புறுத்தி ஏற்றுவதைப் பார்த்திருக்கிறேன். செய்யாதீர்கள். படகில் பயந்து உறைந்துபோன ஒருவர், துடுப்புப் போட வேண்டிய நேரத்தில் போடாமல் போனால் மற்ற எல்லோருக்கும் சிக்கல்.

படகிலிருந்து விழுந்துவிட்டால்?

விழலாம். பலர் விழுகிறார்கள், பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் மீண்டும் படகில் இருப்பார்கள். நினைவில் வைக்க வேண்டியது இரண்டுதான்.

மல்லாந்து படுத்து, பாதங்களைத் தண்ணீர் போகும் திசையில் நீட்டி, கால் விரல்கள் நீருக்கு மேலே தெரியும்படி மிதந்துகொண்டிருங்கள். பாறை வந்தால் பாதம் முதலில் முட்டட்டும், தலை அல்ல.

இரண்டாவது, அதைவிட முக்கியம்: ஓடும் தண்ணீரில் எழுந்து நிற்க முயலாதீர்கள். இடுப்பளவு ஆழம்தானே என்று தோன்றும். அடியில் இரண்டு பாறைகளுக்கு நடுவே பாதம் சிக்கினால், பின்னாலிருந்து வரும் நீர் உடம்பை முன்னால் சாய்த்து முகத்தை மூழ்கடித்துவிடும். நீச்சல் நன்றாகத் தெரிந்தவர்களும் ஆறுகளில் இப்படி இறந்திருக்கிறார்கள். கரையோரம் ஓட்டமில்லாத நீர் வந்த பிறகே எழுந்து நில்லுங்கள்.

துடுப்பின் மேல்முனையில் டி வடிவப் பிடி இருக்கும். அதன் மேல் எப்போதும் உள்ளங்கை மூடியிருக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவரின் பல்லை உடைப்பது பாறை அல்ல, கைவிட்ட அந்தப் பிடிதான்.

கடற்கரைச் சவாரிக்கு எந்த நேரம் நல்லது?

சூரிய அஸ்தமனம் என்று எல்லோரும் கேட்பார்கள். நான் முதலில் பார்ப்பது கடல் எப்போது வற்றுகிறது என்பதை.

கடல் வற்றிய பிறகு வெளிப்படும் ஈரமணல் இறுகி, அதேநேரம் கொஞ்சம் நெகிழ்ந்து இருக்கும். குதிரையின் காலுக்கு அதுவே ஏற்ற தரை. மேலே உள்ள உலர்ந்த பொடிமணலில் குளம்பு புதையும். ஒவ்வொரு அடியிலும் கால் நரம்பு இழுபடும். கடல் ஏறியிருக்கும்போது அந்தப் பொடிமணல்தான் மிஞ்சும். சில கரைகளில் அதுவும் மிஞ்சாது.

இந்த வித்தியாசம் இடத்துக்கு இடம் மாறும். கோஸ்டா ரிக்காவின் பசிபிக் கரையில் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் இடையே நீர்மட்டம் 3 மீட்டரை நெருங்கி மாறும். கரீபியன் கரையில் அரை மீட்டர்கூட இருக்காது. அங்கே எந்த நேரமும் போகலாம். பொதுவாக இரண்டு ஏற்றங்களுக்கு இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். இன்று மாலை 4 மணிக்கு வற்றினால் நாளை 4.50 வாக்கில். அமாவாசையும் பௌர்ணமியும் ஒட்டிய நாட்களில் கடல் மிக அதிகமாக ஏறி, மிக அதிகமாக வற்றும். விடுமுறைத் தேதியை வைத்துக்கொண்டு, காலையிலோ மாலையிலோ கடல் வற்றும் நாள் எது என்று பார்த்து அதற்கே சவாரியைப் பதிவு செய்யுங்கள்.

குதிரைகளை நன்றாக வைத்திருக்கிறார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இந்தக் கேள்வியை இன்னும் நிறையப் பேர் கேட்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். படகு தேய்ந்தால் மாற்றிவிடலாம். குதிரை வலியைச் சொல்லவும் முடியாது, சவாரியை மறுக்கவும் முடியாது.

பணம் கட்டுவதற்கு முன்னால் போய்ப் பாருங்கள். நிழல் இருக்கிறதா, குடிக்க நல்ல தண்ணீர் இருக்கிறதா? விலா எலும்பு தடவினால் தெரியலாம், தூரத்திலிருந்தே எண்ண முடியக் கூடாது. சேணம் கட்டும்போது அருகில் நில்லுங்கள். முதுகின் மேட்டிலும், வயிற்றுவார் படும் இடத்திலும், வாயின் ஓரங்களிலும் புண் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த இடங்களில் வெள்ளை முடித் திட்டுகள் இருந்தால் பழைய சேணப் புண் ஆறிய தழும்பாக இருக்கும். குளம்பில் வெடிப்பு, நடையில் நொண்டல், சேணம் கட்டும்போது காதைப் பின்னால் மடித்துக் கடிக்க வருவது, எல்லாமே வலியின் அறிகுறிகள்.

ஒரு எளிய சோதனை: நிழலில் ஓய்வாக நிற்கும் குதிரையின் விலாப்பக்கம் ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். 8 முதல் 16 வரை இயல்பு. முந்தைய சவாரி முடிந்து வெகுநேரம் ஆனபிறகும் அதைவிட மிக வேகமாக மூச்சு வாங்கினால், அந்தக் குதிரைக்கு இன்னும் ஓய்வு வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு குதிரை எத்தனை சவாரி போகும் என்றும் கேளுங்கள்.

ஒருமுறை நான் பதிவு செய்த இடத்தில் எனக்கென்று கொண்டுவந்த குதிரையின் முதுகில் பச்சைப் புண். கட்டிய பணம் திரும்பி வரவில்லை. ஏறாமல் வந்ததில் இன்றுவரை வருத்தமில்லை.

எடை வரம்பு கேட்கிறார்கள். சங்கடமாக இருக்கிறது.

வரம்பு கேட்கும் இடமே நல்ல இடம். பரவலாகச் சொல்லப்படும் அளவு, குதிரையின் எடையில் 20 சதவீதம், சேணத்தையும் சேர்த்து. அமெரிக்காவின் ஓஹாயோவில் 2008-இல் வெளியான ஆய்வு ஒன்றில், சுமை 25, 30 சதவீதம் ஆனபோது குதிரைகளின் இதயத் துடிப்பும் தசை வலியும் கூடியது தெரிந்தது. வெப்பமண்டலக் கடற்கரைகளில் இருப்பவை பெரும்பாலும் சிறிய குதிரைகள். 350 கிலோ குதிரை என்றால் 70 கிலோ. அதில் சேணம் 10 கிலோ போனால் ஆளுக்கு 60 கிலோதான். எடையை உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். உங்களைத் தாங்கும் பெரிய குதிரை இல்லை என்றால், கரையில் கூடவே நடந்து போகலாம்.

குதிரையோடு கடலுக்குள் இறங்கலாமா?

சேணம் இல்லாமல், பயிற்சியுள்ள குதிரையில், கைடு அருகில் இருக்க, அமைதியான கடலில் இறங்கலாம். நீந்தும் குதிரையில் கடிவாள வாரை இழுக்காதீர்கள், பிடரி மயிரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஆழமற்ற நீரில் நிற்கும்போது குதிரை முன்காலால் தண்ணீரை அறைய ஆரம்பித்தால் அழகாக இருக்கிறதே என்று படம் எடுத்துக்கொண்டிருக்காதீர்கள். பல சமயம் அது, குதிரை தண்ணீரில் படுத்து உருளப் போகிறது என்பதற்கான முன்னறிவிப்பு. உடனே முன்னால் நடத்திச் செல்லுங்கள். இன்னொன்று, பின்வாங்கும் அலையைக் குனிந்து பார்த்துக்கொண்டே போனால் தரையே நழுவுவதுபோல் தலை சுற்றும். பார்வையைத் தொடுவானத்தில் வையுங்கள்.

இரண்டுக்கும் ஒரே உடை, ஒரே ஹெல்மெட் போதுமா?

உடை வேண்டுமானால் ஓரளவு ஒத்துப்போகும். சீக்கிரம் காயும், தொடையை ஒட்டிய நீளக் காற்சட்டை இரண்டுக்கும் சரி. பருத்தி ஜீன்ஸ் ஆற்றில் ஈயம் மாதிரி கனக்கும்.

காலணி ஒத்துப்போகாது. ஆற்றுக்குப் பின்பட்டை உள்ள, கழன்றுவிடாத செருப்பு. குதிரைக்குச் சின்னக் குதிகால் உள்ள மூடிய ஷூ. குதிகால் இல்லாவிட்டால் பாதம், சேணத்தில் கால் வைக்கும் வளையமான அங்கவடிக்குள் முழுக்க நுழைந்து மாட்டிக்கொள்ளும், விழுந்தால் குதிரை இழுத்துக்கொண்டு ஓடும்.

ஹெல்மெட்டும் வேறு வேறு. ஆற்று ஹெல்மெட் தண்ணீர் வடிய ஓட்டைகளோடு, பாறையில் பலமுறை மோதுவதற்காகச் செய்தது. சவாரி ஹெல்மெட் உயரத்திலிருந்து ஒரே ஒரு பலத்த அடியைத் தாங்கச் செய்தது. ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது. கடற்கரை மணல்தானே என்று ஹெல்மெட் இல்லாமல் ஏற்றுகிற இடங்கள் உண்டு. ஈரமணல் விழுகிறவருக்கு மெத்தை அல்ல.

சன்ஸ்கிரீனைத் தொடையின் பின்புறம் தடவிக்கொண்டு படகில் உட்காராதீர்கள், வழுக்கும். மோதிரங்களை அறையிலேயே கழற்றி வைத்துவிடுங்கள்.

கர்ப்பிணிகள், முதுகுவலி உள்ளவர்கள், சிறு பிள்ளைகள்?

கர்ப்பிணிகளுக்கு இரண்டுமே வேண்டாம். முதுகுத்தண்டு அறுவை சிகிச்சை, இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் முடிவு செய்யாதீர்கள். பிள்ளைகளுக்கு வயதைவிட, லைஃப் ஜாக்கெட்டும் ஹெல்மெட்டும் அவர்கள் அளவுக்குக் கிடைக்கிறதா என்பதே முதல் கேள்வி. பெரியவர் ஜாக்கெட்டைக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டித் தருகிற இடத்தில் ஏற்றாதீர்கள்.

பயணக் காப்பீடு இதற்கெல்லாம் பொருந்துமா?

சாதாரணக் காப்பீடு பெரும்பாலும் பொருந்தாது. சில காப்பீடுகள் ராஃப்டிங்கை வகுப்பு 3 வரை மட்டும் ஏற்கும், குதிரைச் சவாரிக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கும். பத்திரத்தில் ராஃப்டிங், குதிரைச் சவாரி இரண்டின் பெயரும் எழுத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

நாங்கள் போன இடத்தில் மழையே இல்லை. ஆனாலும் ராஃப்டிங்கை ரத்து செய்தார்கள். ஏன்?

மழை உங்கள் தலைக்கு மேல் பெய்ய வேண்டியதில்லை. மலையில் பெய்தாலும் சில மணி நேரத்தில் கீழே ஆறு எகிறும். தெளிந்த நீர் திடீரென்று செம்மண் நிறமாவது, சருகும் குச்சியும் மிதந்து வருவது, கரையோரப் பாறைகள் ஒவ்வொன்றாக மறைவது, இவை வெள்ளம் வருவதன் அடையாளங்கள். வெப்பமண்டலத்தில் இடிமழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான். அதனால்தான் காலைப் பயணத்தையே கேட்டு வாங்கச் சொல்கிறேன். ரத்து செய்த கைடுக்கு நன்றி சொல்லுங்கள்.

குதிரைகள் ஓடினால் ஆமை முட்டைகள் நசுங்காதா?

நசுங்கலாம். கடலாமைகள் ஏற்றக் கோட்டுக்கு மேலே உள்ள உலர்ந்த மணலில்தான் முட்டையிடும். அந்தக் கோட்டுக்குக் கீழே, ஈரமணலில் மட்டும் போகும் சவாரியைத் தேர்ந்தெடுங்கள். முன்பே சொன்னதுபோல் குதிரையின் காலுக்கும் அதுதான் நல்லது. ஆமைகள் கூட்டமாக ஏறும் கரைகளில் அந்தப் பருவத்தில் சவாரியே வேண்டாம்.

ஊர் திரும்பிய பிறகு காய்ச்சல் வந்தால்?

சாதாரணக் காய்ச்சல் என்று விட்டுவிடாதீர்கள். எலிக்காய்ச்சல் பெரும்பாலும் கிருமி தொற்றிய 5 முதல் 14 நாளில் தலைகாட்டும், ஒரு மாதம் வரைகூடப் போகலாம். அதற்குள் விடுமுறை முடிந்து நீங்கள் வேலைக்குத் திரும்பியிருப்பீர்கள், ஆற்றின் நினைவே இருக்காது. 2000-இல் மலேசியாவின் சபா மாநிலத்தில் நடந்த சாகசப் போட்டியில் செகாமா ஆற்றில் நீந்திய வீரர்கள் பலர், தங்கள் தங்கள் நாட்டுக்குப் போன பிறகுதான் காய்ச்சலில் விழுந்தார்கள். கடும் தலைவலி, கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு சேர்ந்து வந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். ஆரம்பத்திலேயே ஆன்டிபயாடிக் கொடுத்தால் குணமாகிற நோய் இது. ஆனால் நீங்கள் சொல்லாமல் அவருக்கு அந்தச் சந்தேகம் வராது. எந்த நாட்டில், எந்தத் தேதியில் ஆற்றில் இறங்கினீர்கள், தண்ணீர் குடித்துவிட்டீர்களா, உடம்பில் சிராய்ப்பு இருந்ததா என்பதையெல்லாம் அவர் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.